அவள் பக்கமும் என் பக்கமும்

என் மருமகள் வீட்டில் உட்கார்ந்தே ஆபீஸ் வேலை பார்க்கிறவள். மீட்டிங் முடிந்த கையோடு, யார் யார் என்னென்ன பேசினார்கள் என்று கம்ப்யூட்டரே எழுதிக் கொடுத்துவிடுகிறது. போன வாரம் அதை எனக்குக் காட்டிவிட்டு, "இதுக்குன்னு ஒரு காலத்துல ஆள் வெச்சு சம்பளம் குடுத்தாங்களா அத்தை?" என்று கேட்டாள்.

கொடுத்தார்கள். என் அப்பாவுக்குக் கொடுத்தார்கள். அவருக்குப் பின்னால் எனக்கும் கொடுத்தார்கள்.

என் வயதுக்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. டீச்சர் சொல்லச் சொல்ல எழுதிய கை நம்முடையது. பேனா அழுத்தி அழுத்தி நடுவிரலின் ஓரத்தில் ஒரு மேடு காய்த்திருக்கும். மழைக்காலத்தில் நோட்டுத் தாள் நமத்துப்போய் மை பரவும். மருமகள் அப்படிக் கேட்டதிலிருந்து, நான் ஏழாம் வகுப்புப் படித்த அந்த ஒரு வருடம்தான் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. இத்தனை வயதுக்கு அப்புறமும் அதை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் வயிறு எரியத்தான் செய்கிறது.

அப்போது நாங்கள், ஊரை விட்டு வடக்கே பிழைக்க வந்த தமிழ்ச் சனங்கள் குடியிருந்த லேபர் கேம்பில் இருந்தோம். ஒரே அறை. அதற்குள் அடுப்பு, கட்டில், தகரப் பெட்டிகள், அப்பாவின் மேஜை எல்லாம். அப்பா ஃபோர்ட் பக்கம் ஒரு கம்பெனியில் ஸ்டெனோ. எங்கள் வரிசையில் பாதிப் பேர் தோல் பதனிடும் வேலைக்கும் ரயில்வே ஒர்க்‌ஷாப்புக்கும் போகிறவர்கள். வெள்ளைச் சட்டை போட்டு, பையில் பென்சிலோடு போகிறவர் அப்பா ஒருவர்தான். முதலாளி எவ்வளவு வேகமாகப் பேசினாலும் ஒரு சொல் விடமாட்டார். கொக்கியும் வளைவுமாக அவர் சுருக்கெழுத்து எழுதுவதைப் பக்கத்தில் நின்று பார்ப்பேன். அது ஒரு மந்திரம் மாதிரி இருக்கும்.

அதனால் நானும் ஒரு சொல் விடமாட்டேன். சரித்திர டீச்சர் வாயைத் திறந்ததும் என் பேனா ஓடத் தொடங்கும். அவர் இருமினால் மட்டும்தான் எழுதமாட்டேன். புத்தகம் படிக்கும்போதும் அப்படித்தான். முக்கியமான வரிக்குச் சிவப்புப் பென்சிலால் கோடு போடு என்றார்கள். எனக்கு எல்லா வரியும் முக்கியமாகப் பட்டது. என் புத்தகத்தில் பக்கம் பக்கமாகச் சிவப்பாக இருக்கும். டீச்சர் என் நோட்டைத் தூக்கிப் பிடித்து வகுப்புக்கே காட்டுவார். "பாருங்க, நோட்டுன்னா இப்பிடி இருக்கணும்." அந்த நாட்களில் நான் வீட்டுக்கு நடந்து வரமாட்டேன், மிதந்து வருவேன்.

அந்த ஜூன் மாதத்தில்தான் என் அத்தை மகள் வந்து சேர்ந்தாள். அத்தை, அப்பாவின் கூடப் பிறந்த தங்கை. ரயிலில் போகிற தூரத்தில், மான்குர்தில் இருந்தாள். மாமா இறந்த பிறகு ஒரு பிஸ்கட் கம்பெனியில் பாக்கெட் போடும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவர்கள் பக்கத்தில் தமிழில் படிக்கப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி. அதற்கு மேல் ஒரு வருடம் வீட்டில் சும்மா இருந்தவளை, "எங்கூடவே இருந்து படிக்கட்டும்" என்று அப்பா அழைத்துக்கொண்டு வந்துவிட்டார். ஒரு பரீட்சை வைத்துப் பார்த்து, நேராக என் வகுப்பிலேயே சேர்த்துக்கொண்டார்கள்.

மழையில் நனைந்து, ஒரு தகரப் பெட்டியோடு வாசலில் நின்றாள். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள் என்பதால் மதினி என்று கூப்பிடச் சொன்னாள் அம்மா. நான் கூப்பிடவில்லை. ஏட்டி, ஓட்டி என்று எதையாவது சொல்லி ஒப்பேற்றினேன். அவள் அதற்கும் பல தடவை திரும்பமாட்டாள்.

"கூப்புட்டா திரும்பிப் பாக்காளா பாரு. என்ன திமிரு!" என்பாள் அம்மா. தண்ணீர் பிடிக்கும் இடத்தில், "குடத்தை நகத்து" என்று யாராவது பின்னால் கத்துவார்கள். இவள் பாட்டுக்கு நிற்பாள். "மான்குர்த் மகாராணி" என்று பெயர் வைத்தார்கள். எனக்கு அது சந்தோஷமாகவே இருந்தது.

வகுப்பில் அவள் முதல் பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். அது என் பெஞ்சு. அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் எழுதுவதைப் பார்த்தபோது முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. டீச்சர் பேசிக்கொண்டே இருப்பார். இவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். எப்போதாவது, குனியாமலே, ஒரு வார்த்தை எழுதுவாள். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு வார்த்தை. பார்க்காமல் எழுதுவதால் வரியெல்லாம் மேலே ஏறி, கீழே இறங்கி, கோணலாகக் கிடக்கும். இரண்டு வார்த்தைக்கு நடுவில் ஒரு அம்புக்குறி போடுவாள். ஓரத்தில் "ஏன்?" என்று ஒன்று. அந்தப் பாடம் முழுவதற்கும் என் நோட்டில் நாலு பக்கம் நிறைந்திருக்கும். அவளுடையதில் முக்கால் பக்கம் வெறுமையாக இருக்கும்.

"அரே, என்ன இது, கோழி கிளறுன மாதிரி?" என்று டீச்சர் அவள் நோட்டைத் தூக்கிக் காட்டினார். வகுப்பு சிரித்தது. அவளும் சிரித்தாள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமலே சிரித்தாள் என்று இப்போது தோன்றுகிறது.

சாயங்காலம் வீட்டில் அவள் செய்வது வேறு. அந்தப் பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வாள். அப்புறம் வெறுமையாக விட்ட இடத்தில் தன் சொந்த வார்த்தைகளில் பாடத்தை எழுதுவாள். சரித்திரப் புத்தகத்தையும் அப்படித்தான் படித்தாள். ஒரு பக்கம் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவைத்துவிடுவாள். மூடினபிறகுதான் பேனாவை எடுப்பாள். நான் புத்தகத்தைத் திறந்து வைத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்து எழுதிக்கொண்டிருப்பேன்.

முதல் பரீட்சையில் அவள் வகுப்பில் முதலாவதாக வந்தாள். அதுவரை அந்த இடம் என்னுடையது.

மார்க் போனதுகூடப் பெரிதில்லை. அன்றைக்கு அப்பா எங்கள் இரண்டு பேருடைய நோட்டையும் கேட்டு வாங்கினார். என்னுடையதைப் புரட்டினார். அவளுடையதை எடுத்தவர் வெகு நேரம் கீழே வைக்கவில்லை. காப்பி ஆறிப்போயிற்று.

"இவ கேட்டுட்டு எழுதுதா. நீ எழுதிட்டுத்தான் என்னன்னு பாக்குத" என்றார்.

"நீங்களும் அப்பிடித்தானப்பா எழுதுதீங்க?"

அப்பா சிரித்துவிட்டார். "நான் எழுதுதது முதலாளி பேசினத முதலாளிக்கே திருப்பிக் குடுக்கதுக்கு. சாயங்காலம் என்ன லெட்டர் எழுதுனன்னு கேட்டா எனக்கே தெரியாதுட்டி. படிக்கதுக்கு அது ஆகாது."

நான் யாரைப் பார்த்து எழுதக் கற்றேனோ, அவரே அது ஆகாது என்று சொல்லிவிட்டார். அதுவும் அவளுடைய கோணல் எழுத்தைக் கையில் வைத்துக்கொண்டு. அன்றைக்கு அம்மா சுட்ட தோசையை நான் தொடவில்லை. என் பங்கையும் அவளுக்கே வைத்தார்கள்.

ஒரு விஷயம்தான் எனக்குப் பிடிபடவில்லை. எங்கள் பள்ளிக்கூடம் ரயில் பாதையை ஒட்டி இருந்தது. ரயில் போகும்போது ஜன்னல் கம்பி அதிரும். சரித்திர டீச்சர் அதற்காகப் பேச்சை நிறுத்தமாட்டார். அவருக்குப் பழகிவிட்டது. நாங்கள்தான் காதைத் தீட்டிக்கொண்டு எட்டிப் பார்ப்போம். ஒன்றும் கேட்காது. அந்த இடத்தில் நான் நோட்டில் இடம்விட்டு வைப்பேன். பிறகு யாரிடமாவது கேட்டு நிரப்பலாம் என்று. யாரிடமும் இருக்காது. ஆனால் அவளிடம் இருக்கும். ரயிலுக்குள் அமுங்கிப்போன அரசனின் பெயர் அவளிடம் இருக்கும். ஆண்டு இருக்கும். போரில் தோற்றதற்குக் காரணம் இருக்கும்.

"ஒனக்கு மட்டும் எப்பிடிட்டி கேக்கு?" என்று கேட்டேன்.

"டீச்சர் சொன்னாங்கல்லா?" என்றாள், என்னவோ நான்தான் கேட்கக்கூடாததைக் கேட்ட மாதிரி.

எங்கள் பள்ளியிலிருந்து வருடத்துக்கு ஒரு பிள்ளையை, கிங்ஸ் சர்க்கிள் பக்கம் இருந்த ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புக்கு எடுத்துக்கொள்வார்கள். கல் கட்டிடம், நீல நிறப் பாவாடை, இங்கிலீஷ் மீடியம். அங்கே படித்தால் வேறு மாதிரி ஆகிவிடலாம் என்று எங்கள் வரிசையில் எல்லோரும் நம்பினார்கள். அதற்கு ஒரு பரீட்சை உண்டு. அந்தப் பள்ளியின் தமிழ் ஐயா ஒரு கட்டுரையைச் சத்தமாக வாசிப்பார். கேட்டுக் குறிப்பு எடுத்துக்கொள்ளலாம். பிறகு அது என்ன சொல்கிறது என்று சுருக்கமாக, சொந்த வார்த்தையில் எழுத வேண்டும். எங்கள் பள்ளியிலிருந்து இரண்டு பேரை அனுப்புவார்கள். அந்த வருடம் நானும் அவளும்.

பழக்கம் வரட்டும் என்று எங்கள் பெரிய டீச்சர், அதாவது தலைமை ஆசிரியை, எங்களுக்கு வாசித்துக் காட்டத் தொடங்கினார். அவர் ஒரு இடத்தில் நிற்கமாட்டார். புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, பெஞ்சுகளுக்கு நடுவில் நடந்துகொண்டே வாசிப்பார். எங்களுக்குப் பின்னால் போவார், ஜன்னல் பக்கம் திரும்பி நிற்பார்.

அத்தை மகள் ஒன்றும் எழுதவில்லை. தாள் வெள்ளையாக இருந்தது. கடைசியில் எதையோ கிறுக்கினாள். கட்டுரை யானையைப் பற்றி. அவள் எழுதியது பானையைப் பற்றி.

"கவனம் எங்கட்டி இருக்கு? இவ்வளவு மார்க் வாங்குத பிள்ள! என்ன எங்கிட்ட வெளயாட்டா?" என்று பெரிய டீச்சர் அவள் காதைப் பிடித்துத் திருகினார். நன்றாகவே திருகினார். இதை எழுதும்போதுதான் உறைக்கிறது, அவர் எதைப் பிடித்துத் திருகினார் என்று.

எனக்கு அன்றைக்கு அவ்வளவு சந்தோஷம். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அப்பாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அப்பா அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "பிள்ளைக்கு ஒடம்பு சரியில்ல போல. ஒரு கஷாயம் வெச்சுக் குடு" என்றார் அம்மாவிடம். நான் பரீட்சையில் குறைந்தால் 'என்னட்டி இது' என்பார். அவள் குறைந்தால் கஷாயம். சுக்கும் மிளகும் கொதிக்கிற வாசனை அறை முழுவதும் பரவியது. இன்றைக்கும் அந்த வாசனை எனக்கு ஆகாது.

அடுத்த தடவையும் அதேதான் நடந்தது. சரித்திர டீச்சர் பேசினால் எல்லாம் அவளுக்குத் தெரிகிறது, பெரிய டீச்சர் வாசித்தால் ஒன்றுமே தெரிவதில்லை. இதில் ஏதோ தகிடுதத்தம் இருக்கிறது என்று முடிவு செய்தேன். அவளைக் கவனிக்கத் தொடங்கினேன். எந்தப் பாடத்தையும் நான் அப்படிக் கவனித்ததில்லை. அவள் எங்கே உட்காருகிறாள், எந்தப் பக்கம் திரும்புகிறாள், யாரிடம் பேசுகிறாள் என்று எல்லாவற்றையும் பார்த்தேன். பொறாமைக்கு இருக்கிற கண் வேறு எதற்கும் கிடையாது. நீங்களும் யாரையாவது அப்படிப் பார்த்திருப்பீர்கள்.

தீபாவளி கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. சுவரில் ஆணியில் தொங்கிய கண்ணாடிக்கு முன்னால் நின்று அவள் தலை வாரிக்கொண்டிருந்தாள். அத்தை தீபாவளிக்குக் கொண்டுவந்த புதுப் பாவாடை கட்டியிருந்தாள். நான் அவளுக்குப் பின்னால், கட்டிலில். அப்பா மேஜையடியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அம்மா மீன் வாங்கப் போயிருந்தாள். கண்ணாடியில் அவள் தன்னைப் பார்த்துச் சிரித்துக்கொள்வதைப் பார்த்தேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சத்தமே வராமல், உதட்டை மட்டும் அசைத்து, "கழுத" என்றேன்.

அவள் சீப்பை நிறுத்திவிட்டுத் திரும்பினாள்.

"யாரட்டி கழுதன்னு சொல்லுத?"

என் தொண்டையிலிருந்து சத்தமே வந்திருக்கவில்லை. அவள் மறுபடி கண்ணாடிப் பக்கம் திரும்பியதும், போர்வையால் வாயை மூடிக்கொண்டு, கொஞ்சம் சத்தமாகவே "கழுத" என்றேன். அவள் பேசாமல் பின்னலை முடித்தாள். இன்னும் சத்தமாகச் சொன்னேன். அப்பாவே பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார். அவள் ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. கண்டுபிடித்த சந்தோஷத்தில் அப்பாவிடம் ஓடினேன்.

"அப்பா, அவ ஏமாத்துதா! அவ காதால கேக்கவே இல்ல. வாயப் பாத்து எழுதுதா. டீச்சர் வாயப் பாத்துத்தான் எல்லாத்தையும் எழுதுதா. காப்பி அடிக்க மாதிரிதான அது?"

அப்பா முதலில் என்னைத்தான் முறைத்தார். பிறகு முகம் மாறிப்போயிற்று. எழுந்து, பேப்பரைத் தன் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, அவளுக்குப் பின்னாலிருந்து, "காப்பி குடிக்கியாம்மா?" என்று அவளைக் கேட்டார். பதில் இல்லை. இன்னும் உரக்கக் கேட்டார். அவள் எங்களைத் திரும்பிப் பார்த்தாள், நாங்கள் இரண்டு பேரும் ஏன் இப்படி நிற்கிறோம் என்பதுபோல. அப்பா பேப்பரை இறக்கிவிட்டு, வழக்கத்தைவிட மெதுவாக, "காப்பி குடிக்கியா?" என்றார்.

"குடிக்கேன் மாமா" என்றாள்.

அப்பா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

மீன் கூடையோடு வந்த அம்மா விஷயத்தைக் கேட்டு வாசலிலேயே அழுதாள். "திமிரு திமிருன்னு எத்தன தடவ திட்டிருப்பேன்! பாவி, ஒரு வார்த்த சொல்லப்படாதாட்டி?" என்று அவளைக் கட்டிக்கொண்டாள். அவளுக்கு எதற்கு இந்த அழுகை என்றே தெரியவில்லை. "எல்லாரும் இப்பிடித்தான கேப்பாங்க அத்தை?" என்றாள். தனக்கு மட்டும் வேறு மாதிரி என்று அந்தப் பன்னிரண்டு வயது வரை அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் பரிசோதித்துப் பார்த்தார்கள். சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சலில் இடது காது முழுதும் போய்விட்டது, வலதில் பாதிதான் மிச்சம் என்றார்கள். குனிந்து எழுதினால் டீச்சர் பேசுவது போய்விடும். அதனால்தான் குனியாமல் எழுதியிருக்கிறாள். இரண்டு வார்த்தைக்கு மேல் எழுத நேரமில்லாததால், எந்த இரண்டு வார்த்தை என்று அவள் பொறுக்கியாக வேண்டும். மற்றதையெல்லாம் தலைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். நான் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்து எரிந்ததெல்லாம் இதுதான்.

தெரிந்த பிறகு பொறாமை போயிருக்க வேண்டும், இல்லையா? போகவில்லை. முன்னைவிட அதிகமாயிற்று.

சனிக்கிழமை அப்பாவுக்கு அரை நாள் ஆபீஸ். அதற்கு முன்னெல்லாம் அன்றைக்கு என்னைத்தான் எங்காவது அழைத்துப் போவார். இப்போது அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனார். திரும்பும்போது கிங்ஸ் சர்க்கிளில் இறங்கி ஒரு ஓட்டலில் டிபன் சாப்பிட்டுவிட்டு வருவார்கள். எனக்கும் ஒரு வடை பொட்டலத்தில் வரும். அவள் கையில் சாம்பார் வாசனை அடிக்கும். நான் அந்த வடையைத் தின்றுகொண்டே எரிவேன். ஒரு நாள், "எனக்கும் காது வலிக்கு" என்று அழுதேன். அப்பா டார்ச் அடித்துப் பார்த்தார். "ஒனக்குக் காது நல்லாத்தான் இருக்கு. அது வழியாப் போறது எங்க போய்த் தங்குதுன்னுதான் தெரியல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். இந்தத் தடவை அவளும் விஷயம் தெரிந்தே சிரித்தாள்.

அவளுக்குக் காதுக் கருவி வந்தது. அந்தக் காலத்துக் கருவி உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும். தீப்பெட்டியைவிடப் பெரிய ஒரு டப்பா, துணிப் பையில் போட்டு நெஞ்சில் மாட்டிக்கொள்ள வேண்டும். அதிலிருந்து ஒரு வயர் காதுக்குப் போகும். பையன்கள் அவளை ரேடியோ என்றார்கள். அவள் இல்லாத நேரத்தில் அதை எடுத்து என் காதில் வைத்துப் பார்த்தேன். என் சட்டை உரசுகிற சத்தம் இடி மாதிரி கேட்டது. முதல் நாள் வகுப்பில் ரயில் வந்தபோது அவள் வயரைப் பிடுங்கிவிட்டு மேஜையில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். "இவ்வளவு சத்தத்துலயா நீங்க எல்லாரும் இருக்கீங்க?" என்று என்னிடம் கேட்டாள். அதன்பிறகும் அவள் டீச்சரின் வாயைப் பார்த்துத்தான் எழுதினாள்.

விஷயம் கேள்விப்பட்டு அத்தை மான்குர்திலிருந்து ஓடி வந்தாள். பொட்டப் பிள்ளைக்குக் காது கேட்காது என்று ஊருக்குத் தெரிந்தால் யார் கட்டுவார்கள் என்று அழுதாள். அப்பா அவளை உட்காரவைத்து, "எம்மவதான் கண்டுபிடிச்சா. கூடவே இருந்து, கண்ணும் கருத்துமாப் பாத்திருக்கா. இல்லன்னா நமக்குத் தெரிஞ்சிருக்குமா?" என்றார். அத்தை என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். ஒரு சொல் விடாமல் எழுதுகிற அப்பா, 'ஏமாத்துதா' என்ற ஒரு சொல்லை மட்டும் விட்டுவிட்டார். அன்றைக்கு ஆரம்பித்த பேச்சு, பிறகு எத்தனையோ கல்யாண வீடுகளில் தொடர்ந்தது. அந்த வயசிலேயே மதினி மேல் எவ்வளவு பாசம் பாரு என்பார்கள். பாராட்டை வாங்கிக்கொண்டு பாயசம் குடிப்பேன்.

பரீட்சைக்கு அப்பா எங்கள் இரண்டு பேரையும் அழைத்துப் போனார். அந்தக் கல் கட்டிடத்தின் வராண்டாவில் பினாயில் வாசனையும் மல்லிகை வாசனையும் கலந்து அடித்தது. அப்பா வாசலிலேயே தமிழ் ஐயாவைப் பிடித்து, கையைக் கட்டிக்கொண்டு பேசினார். "ஐயா, இந்தப் பிள்ளைக்குக் காது கொஞ்சம் மந்தம். முன்னால உக்காந்துக்கிடட்டும். நீங்க அவ மொகத்தப் பாத்து வாசிச்சாப் போதும், அவ புடிச்சுக்கிடுவா." அப்பா யாரிடமும் அப்படிக் கையைக் கட்டி நின்று நான் பார்த்ததில்லை.

ஐயா நல்லவர். அவள் எதிரில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவளைப் பார்த்தே வாசித்தார். நான் பின்னால் இருந்தேன். அவளுடைய இரட்டைப் பின்னலும், காதுக்குப் போகும் வயரும்தான் எனக்குத் தெரிந்தன. என்னவோ அவளுக்கு மட்டும் வாசிக்கிறார், மற்ற பிள்ளைகள் எல்லாம் ஒட்டுக்கேட்கிறோம் என்பதுபோல இருந்தது. கட்டுரை தேனீக்களைப் பற்றி. நான் ஒரு சொல் விடாமல் எழுதினேன். எழுதி முடித்துப் பார்த்தால் குறிப்புத் தாள் இரண்டு பக்கமும் நிறைந்திருந்தது. விடை எழுதக் கொடுத்ததோ பாதித் தாள். எதை எடுப்பது, எதை விடுவது என்று தெரியாமல் மேலேயிருந்து அப்படியே எழுதிக்கொண்டு வந்தேன். தேனீ கூட்டுக்குத் திரும்புவதற்குள் தாள் முடிந்துவிட்டது.

சீட் அவளுக்குக் கிடைத்தது.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால், ஐயா தன் வழக்கப்படி நின்றோ நடந்தோ வாசித்திருப்பார். அவள் தாள் வெள்ளையாக இருந்திருக்கும். அந்த நீலப் பாவாடையை நான் கட்டியிருப்பேன். காட்டிக் கொடுக்க ஓடிய ஓட்டத்தில் என் இடத்தை நானே அவளுக்குக் கொடுத்துவிட்டேன். அதற்கு எனக்குப் பாசக்காரி என்று பட்டம்.

அதன்பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் வேறொரு பள்ளியில் தமிழிலேயே மெட்ரிக் முடித்து, டைப்பிங்கும் சுருக்கெழுத்தும் கற்று அப்பா மாதிரியே ஸ்டெனோ ஆனேன். நல்ல ஸ்டெனோ. என் கை அதற்கென்றே பிறந்த கை. எட்டாம் வகுப்பிலேயே அவள் மான்குர்துக்குத் திரும்பிப் போய், அங்கிருந்து ரயிலில் பள்ளிக்கு வந்துபோனாள். காலேஜ் படித்தாள், ஒரு இன்சூரன்ஸ் ஆபீசில் சேர்ந்து அதிகாரியாக ரிட்டையர் ஆனாள். கல்யாணமும் நடந்தது, அத்தை பயந்த மாதிரி ஒன்றும் ஆகவில்லை. இப்போது செம்பூரில் மகனோடு இருக்கிறாள். காதுக்குள்ளேயே அடங்கிவிடுகிற சின்னக் கருவி. வெளியே தெரிவதே இல்லை.

மருமகள் கேட்ட அந்த வாரமே செம்பூருக்கு அவளைப் பார்க்கப் போனேன். வீட்டில் இரண்டு பேரும் தனியாக இருந்தோம். பேச்சு எப்படியோ அந்த வருடத்துக்குப் போயிற்று.

"எல்லாரும் நீதான் எனக்குக் காது குடுத்தன்னு சொல்லுதாங்க" என்று சிரித்தாள்.

"ஆமா" என்றேன்.

"நீ மாமாகிட்ட என்ன சொன்னன்னு நான் கண்ணாடியில பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். நீ மொதல்ல சொன்னது 'ஏமாத்துதா'."

கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்தேன். ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. எத்தனை கல்யாண வீட்டில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் புகழ்ச்சியைக் கேட்டிருக்கிறாள்!

"தெரிஞ்சுமா ஒரு வார்த்த கேக்கல?"

"எல்லாரும் ஒன்னப் பத்தி நல்லதாப் பேசிக்கிட்டு இருந்தாங்க. நான் எதுக்கு ஊடால?"

"கோவம் இல்லையா?"

"ஏன் இல்லாம? கோவம்னா கோவம். பரீட்சை அன்னைக்கு நீ பின்னாலதான் இருக்க, பாத்துக்கிட்டே இருக்கன்னு தெரியும். ஏமாத்துதாங்கியா, இந்தா பாருன்னு எழுதினேன். இல்லன்னா எனக்கு அந்த சீட்டெல்லாம் வேண்டவே வேண்டாம். அந்த டப்பாவ மாட்டிக்கிட்டு இன்னொரு பள்ளிக்கூடமான்னு பயந்துல்லா கெடந்தேன்."

"அப்ப அந்த சீட்டுல பாதி என்னோடதுதான்."

"தாராளமா எடுத்துக்க. அந்தப் பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சர் குடுத்த அடியிலயும் பாதி எடுத்துக்க" என்றாள். இரண்டு பேரும் மூச்சு வாங்கும் வரை சிரித்தோம். அவள் கருவி கீச்சென்று சத்தம் போட்டது. அதை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு என் வாயைப் பார்த்துக்கொண்டே மீதியைப் பேசினாள்.

பொழுது சாய்ந்ததும் கிளம்பினேன். மனசு லேசாகத்தான் இருந்தது. கீழே வந்து ஆட்டோவுக்கு நிற்கும்போது அண்ணாந்து பார்த்தேன். பால்கனியில் நின்று கையசைத்தாள். அவளுக்குப் பக்கத்தில் ஒரு தொட்டியில், ஆளுயரத்துக்குக் கறிவேப்பிலைச் செடி. நன்றாகத் தழைத்து, கம்பிக்கு வெளியிலும் கிளை நீட்டிக்கொண்டு நின்றது. என் வீட்டில் எத்தனை தடவை வைத்துவிட்டேன், எத்தனை உரம் போட்டுவிட்டேன். ஒன்றுகூடப் பிடித்ததில்லை.